ஷீபாவின் ஃபேனை அடக்கிய கதை

போன மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டுத் தாசையன் அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கத்தினார். என்ன கத்தினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

அவருடைய புகாரே அதுதான்.

நான் இப்போது இருப்பது பாறசாலைக்குப் பக்கத்தில், கொல்லயில் பஞ்சாயத்தில். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் விலாசத்தின் குணம் தெரியும். ஷீபா என்பவளுடைய வீட்டில் முன்னறை எனக்கு வாடகைக்கு. பின்னறை காளானுக்கு.

துணிக்கடை வேலை போன பிறகு ஷீபாவுக்குக் கஞ்சி ஊற்றுவது சிப்பிக் காளான்தான். இருட்டறை, ஈரத் தரை, உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் வைக்கோல் பைகள். காளானும் நம்மைப் போல மூச்சு விடும். விட்ட மூச்சு வெளியே போகாவிட்டால் பயிர் கெட்டுவிடும். அதற்குத்தான் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்.

அதைக் காட்டாக்கடையில் பழைய சாமான் கடையில் வாங்கினாள். மூடிப்போன ஏதோ ஓட்டலின் சமையலறையில் இருந்ததாம். ஓட்டல் மூடிய செய்தி ஃபேனுக்கு எட்டவில்லை போல... கல்யாணச் சமையல் நடக்கிற மாதிரியே சுற்றியது.

ஷீபா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"என்ன மாமா?"

"லில்லி விளிச்சா எனக்குக் கேக்கல்ல பிள்ளே. அதாக்கும் காரியம். நீ இதை அடக்கல்லேண்ணா நான் பஞ்சாயத்துல எழுதிக் குடுப்பேன். பிறகு மாமன் சொல்லல்லேண்ணு சொல்லப்பிடாது."

லில்லி அக்கா அவர் மனைவி. பக்கவாதம் வந்ததில் ஒரு கால் தளர்ந்துவிட்டது, குரலும் இறங்கிவிட்டது. கம்பு ஊன்றி நடந்து பழகச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். பழகும்போது ஒருநாள் குளியலறையில் விழுந்தார். அன்றோடு அண்ணன் சட்டம் போட்டுவிட்டார் — தனியாக எழும்பக் கூடாது, கூப்பிட்டால் நான் வருவேன்.

வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஹாரன் அடித்து ஊரை ஒதுங்க வைத்தவர். இப்போது சமையல், துவைப்பு, கோழிக்குத் தீனி எல்லாம் அவர்தான். கை எதைச் செய்தாலும் காது மட்டும் படுக்கையறைப் பக்கமே இருக்கும்.

"ஒரு மணி வாங்கிக் குடுக்கலாமே அண்ணே?" என்றேன்.

"வாங்கிக் குடுத்தேன். 'நான் என்ன பசுவா?'ண்ணு கேட்டா. மணி அலமாரில இரிக்கு."

ஃபேனை நிறுத்தினால் ஷீபாவின் பிழைப்பு நிற்கும். ஓட்டினால் அக்காவின் குரல் கேட்காது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேலைவெட்டி இல்லாமல் நடுவில் நிற்கிறவனைத்தானே பார்ப்பார்கள்?

எனக்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது. ஒன்பதாம் வகுப்பின் நடுவில் எழுந்து வந்தவன். ஆனால் சத்தத்தோடு நிறைய இடங்களில் குடித்தனம் செய்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் மெஷினுக்குக் கீழே படுத்திருக்கிறேன். ஒரு கட்டட வேலையில் ஜெனரேட்டருக்குப் பின்னால் இடம் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, போர்வை வாங்கும் செலவு மிச்சம்.

அந்தத் தைரியத்தில் முதல் வைத்தியத்தைத் தொடங்கினேன். யூடியூபில் பார்த்த வைத்தியம். முட்டை அட்டை, தெர்மாகோல், பழைய சாக்கு — எல்லாவற்றையும் ஃபேனின் வெளி வாயில் அடைத்துக் கட்டினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. அண்ணன் மதிலுக்கு மேல் கட்டை விரலைக் காட்டினார். நானும் இரண்டு நாள் என்ஜினீயர் நடை நடந்தேன்.

மூன்றாம் நாள் ஷீபா ஒரு கொத்தைப் பறித்துவந்து என் முன்னால் போட்டாள். கழுத்து மட்டும் நீளமாக வளர்ந்திருந்தது. தலை, சட்டைப் பொத்தான் அளவு.

"அண்ணா, இது காளானா, கொக்கா?"

காற்று போகவில்லை. மூச்சு முட்டிய காளான் வெளிக்காற்றைத் தேடிக் கழுத்தை நீட்டியிருக்கிறது. நெய்யாற்றின்கரைக் கடைக்காரர் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"சத்தமும் நின்னுது, எனக்க வியாபாரமும் நின்னுது. ரெண்டையும் ஒண்ணா நிப்பாட்டிட்டீங்க, மிடுக்கன் தான்" என்றாள்.

வாயை அடைத்தால் சத்தம் நிற்கும் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி. வீட்டில், ஆபீசில், கமிட்டிகளில்... கொஞ்ச நாளில் எங்கோ ஏதோ கழுத்தை நீட்டும்.

அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இந்த முறை சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் நடுங்கியது. அட! ஃபேன் போட்ட சத்தம் கொஞ்சம்தான், சுவர்தான் அதை வாங்கிப் பெரிதாக்கி அண்ணன் அடுக்களைக்கு அனுப்பியிருக்கிறது. இரும்புச் சட்டத்தை நேராகச் சுவரில் வைத்து முறுக்கியிருந்தார்கள்.

கழற்றினோம். ஃபேன் இறக்கைகளில் ஓட்டல் எண்ணெய் இன்னும் அப்பிக்கிடந்தது — ஒரு பக்கம் கூடுதல், ஒரு பக்கம் குறைவு. பிறகு ஆடாமல் என்ன செய்யும்? சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம்.

"சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல ரப்பர் வேணும் அண்ணே."

"எலே, ஆரியங்கோட்டுல மரம் வெச்சிருக்கவன்கிட்ட வந்து ரப்பர் கேக்கியா?"

போய், ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் காய்ந்த ரப்பர் ஷீட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவரே கத்தியால் வெட்டித் தந்தார். சட்டத்துக்குப் பின்னால் நான்கு மடிப்பு, ஆணித் தலைகளுக்கு அடியில் வட்டத் துண்டுகள். இரும்பு எங்கேயும் சுவரைத் தொடக் கூடாது.

வெளிப்பக்கம் அகலமான ஒரு பலகைப் பெட்டி. அதற்குள் தென்னைநார் மெத்தைத் துண்டுகளை ஒட்டினோம். காற்று உள்ளே ஒரு வளைவு திரும்பி, ஷீபாவின் வாழைப் பக்கம் இறங்கிப் போகும். வழி உண்டு, ஆனால் நேர்வழி இல்லை. சத்தத்துக்கு வளைவு பிடிக்காது.

ஓட்டிப் பார்த்தோம். காளான் அறைக் கதவிடுக்கில் கொசுவர்த்தியைப் பிடித்தேன். புகை சர்ரென்று உள்ளே போனது. காற்று நன்றாக இழுக்கிறது. சத்தம்? மதிலருகே ஒரு மெல்லிய முனகல், அவ்வளவுதான்.

"மாமா, போய் அடுக்களையில நில்லுங்க. மாமி விளிக்காவளாண்ணு பாப்போம்" என்றாள் ஷீபா.

மூவருமே அவர் அடுக்களையில் போய் நின்றோம். அண்ணன் கையைத் தூக்கி எங்களை அடக்கினார். காத்திருந்தோம். குரல் வரவில்லை.

வேறொன்று வந்தது. டொக்... சர்ர்... டொக்.

அண்ணன் ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் லில்லி அக்கா. ஒரு கையில் கம்பு, மறு கை சுவரில். அண்ணன் இன்னும் ஷீபா வீட்டில்தான் நிற்கிறார் என்று நினைத்திருப்பார்.

"ஏட்டி! விழப்போற!"

"விழல்ல."

"எப்ப தொட்டு இந்த நடை?"

"ஃபேன் வெச்ச நாள் தொட்டு" என்றார் அக்கா. ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக வந்தது. பிறகு ஷீபாவிடம் திரும்பினார். "கம்பை ஊணினா அவியளுக்குக் கேட்டுப்போடும் மக்கா. ஓடி வந்து, கொண்டு கிடத்திருவாவ. உனக்க ஃபேன் வந்த பிறகாக்கும் நான் மனசுபோல நடந்தது."

"அப்ப நீ விளிச்சது?" அண்ணன் விடவில்லை.

"ஆரு விளிச்சா? நீங்கதானே ஓடி ஓடி வந்து 'விளிச்சியா, விளிச்சியா'ண்ணு கேட்டீங்க."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாடுபட்டு நாங்கள் அடக்கியது, அக்கா மறைந்து நடக்க உதவிய சத்தத்தை அல்லவா? சத்தத்தைக் குறைக்க இத்தனை வழி யோசித்தவன், அது யாருக்குத் தொல்லை, யாருக்குத் துணை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா நட. பாக்கட்டு."

"நீங்க நோக்கிக்கிட்டு நின்னா எனக்குக் கால் வராது. அடுக்களைக்குப் போங்க."

"விழுந்தா?"

"விழுந்தா விளிப்பேன். இப்பதான் கேக்குமே."

அவர் எழுந்தார். வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். போய்விட்டார்.

அக்கா கம்பை ஊன்றினார். டொக். அடுக்களையில் ஏதோ தட்டு விழுந்தது. மறுபடி டொக். உள்ளே காலடிச் சத்தம் வாசல்வரை வந்து, நின்று, திரும்பிப் போனது. உடனே மிக்சி ஓடத் தொடங்கியது — முழு வேகத்தில், நிற்காமல்.

அக்கா சிரித்துக்கொண்டே நடந்து ஹாலைக் கடந்தார்.

ஷீபா மெல்லப் போய் அடுக்களையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள்:

"ஜாருக்குள்ள ஒண்ணும் இல்ல அண்ணா."