பெரிய டீச்சர் சேர்த்த பிள்ளை

அன்றைக்கு முட்டை போடும் நாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டுகளோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு வெளிநாட்டு அம்மாவும் அவர் மகளும் பள்ளிக்குள் வந்தார்கள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிற பள்ளி அது. வெளிநாட்டவர் வருவது எங்களுக்குப் புதிதல்ல. குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள், பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். இவர்கள் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. அம்மா வெளுத்துப்போன பருத்திச் சுடிதாரில் இருந்தார். எட்டு, ஒன்பது வயதிருக்கும் அந்தப் பெண் தன் செம்பட்டை முடியை இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் வைத்து மடித்துக் கட்டியிருந்தாள். நேரே தலைமையாசிரியையின் முன்னால் வந்து நின்று, எங்கள் பிள்ளைகள் பேசுகிற அதே பேச்சில் சொன்னாள்.

"எனக்குப் படிக்க வர்லீங்க டீச்சர். அந்த ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க. இங்க சேத்துக்குவீங்களா?"

வரிசை அப்படியே நின்றுவிட்டது. தலைமையாசிரியை அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாப்ட்டியா?" என்றார். அவள் இல்லையென்று தலையசைத்ததும் சமையல் அம்மாவிடம் இன்னொரு தட்டு வைக்கச் சொன்னார். அவள் சாம்பார் சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டு, முட்டையை எங்கள் பிள்ளைகள் செய்வதைப் போலவே கடைசிக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டாள். அவள் கை கழுவி வருவதற்குள் தலைமையாசிரியை முடிவெடுத்துவிட்டார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஊரில் அவரைப் பெரிய டீச்சர் என்பார்கள். நான் அவருக்குக் கீழே ஆசிரியையாக வேலை பார்த்தேன். அவர் பக்கத்துக் கிராமத்தில் கடலை பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். ஸ்கூட்டரில் வருவார்; ஹெல்மெட்டைக் கழற்றாமலே வகுப்புகளை ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குள் போவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், ஆகட்டும் என்றால் ஆகட்டும்தான். இடையில் ஒன்றும் கிடையாது.

அந்த வெளிநாட்டு அம்மாவின் கதையை மகள்தான் தமிழாக்கிச் சொன்னாள். அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர். மகள் நடை பழகியிருந்த வயதில் மலையைப் பார்க்க வந்து, கணவரைப் பிரிந்தபின் இங்கேயே தங்கிவிட்டார். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். தன் நாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துக் கொடுப்பது அவர் வேலை. வெள்ளைத் தோல் என்றால் பணம் கொட்டிக் கிடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்குக் கூலி அவர் நாட்டுப் பணத்தில் வந்தது. அந்தப் பணத்தின் மதிப்போ சரிந்துகொண்டே போனது. போன வருஷம் வாடகை, பால், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்த கூலி, இந்த வருஷம் வாடகைக்கும் பாலுக்குமே கம்மியாகிவிட்டது.

பெண்ணுக்கு எழுத்துகள் பிடிபடவில்லை. புத்திசாலிப் பிள்ளை; வாயால் கேட்டால் எல்லாம் சொல்வாள். தாளைப் பார்த்தால் மட்டும் தடுமாறுவாள். சேர்த்திருந்த ஆங்கிலப் பள்ளியில், பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தனியாக ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளம் உங்கள் பொறுப்பு என்றார்கள். முடியாது என்றபோது மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சென்னையில் நல்ல பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். வாரம் தவறாமல் பஸ்ஸில் போய்வர வேண்டும், அவர் கட்டணம் வேறு. ஸ்பானிய மொழியில் ஆன்லைனில் சொல்லிக்கொடுப்பவர்கள் டாலரில் கேட்டார்கள். கூடப் பழகிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும், ஊருக்குத் திரும்பிப் போய்விடு, மகளின் படிப்பை நினைத்துப் பார் என்று புத்தி சொன்னார்கள். அங்கே அவருக்கு வீடும் இல்லை, ஆளும் இல்லை. அந்தப் பெண்ணுக்கோ நினைவு தெரிந்த ஊரே இதுதான்.

எங்கள் பள்ளியில் ஒருவர், இந்திய அட்டை எதுவும் இல்லாத பிள்ளையை எப்படிப் பதிவது, எதற்கு வம்பு டீச்சர், ரிட்டையர் ஆகப் போகிற நேரத்தில் என்றார். பெரிய டீச்சர் பேனா மூடியைத் திறந்தபடி, "ரிட்டையர் ஆகப் போறவள என்ன பண்ணிடுவாங்க?" என்று கேட்டார். கல்வி உரிமைச் சட்டத்தை அவர் வரிவரியாகப் படித்து வைத்திருந்தார். அதில் பிள்ளை என்றுதான் இருக்கிறது, எந்த ஊரில் பிறந்த பிள்ளை என்று இல்லை என்பது அவர் வாதம். வேறுவிதமாகப் படிப்பவர்கள் வந்து சொல்லட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்றார். அன்றே அந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள்.

சேர்த்துவிட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியை ஒருவர் எங்கள் ஒன்றியத்துக்கு இருந்தார். வாரத்தில் ஒரு நாளாவது எங்கள் பள்ளிக்கு வரவேண்டும். ஆனால் அவரை வட்டாரக் கல்வி அலுவலகத்திலேயே உட்கார வைத்து, விவரங்களைத் தட்டச்சு செய்ய வைத்திருந்தார்கள். அவர் மேல் குற்றமில்லை. ஒப்பந்தச் சம்பளக்காரர், சொன்ன இடத்தில் உட்கார வேண்டியவர். எத்தனையோ முறை கேட்டும் கிடைக்காதவர், வெளிநாட்டுப் பிள்ளை சேர்ந்திருக்கிறது என்ற சேதி பரவியதும் ஒருநாள் காலையிலேயே வந்து நின்றார். கூடவே படம் எடுக்க ஓர் ஆளையும் அனுப்பியிருந்தார்கள். செம்பட்டைச் சடைக்காரியை முன்னால் உட்காரவைத்து, சிறப்பாசிரியை எழுத்து அட்டையைக் காட்டுவதுபோலப் படம் எடுத்தார்கள்.

அப்போதுதான் இன்னோர் அம்மா கேட்டார். எங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய். பௌர்ணமிதோறும் பாதையோரத்தில் எலுமிச்சை ஜூஸ் கடை போடுபவர், மற்ற நாட்களில் களையெடுக்கப் போவார். மகன் மறந்துவிட்டு வந்த டிபன் பாக்ஸைக் கொடுக்க வந்தவர், வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகனுக்கும் அதே சிக்கல்தான். பலகையைப் பார்த்து எழுதுவான், எழுதியதைப் படிக்கத் தெரியாது. மந்தம் என்று பெயர் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"வெள்ளக்காரப் புள்ளன்னா ஓடியாராங்க. எம்புள்ள ஒண்ணாவதுலேர்ந்து இப்படித்தான் கீறான். ஒருத்தரும் வர்லியே, ஏன் டீச்சர்?"

படம் எடுத்தவர் போனைக் கீழே இறக்கினார். சிறப்பாசிரியை தலைகுனிந்தார். அந்த வெளிநாட்டு அம்மாவும் அங்கே இருந்தார். முழுக்கப் புரியாவிட்டாலும் எதைப் பற்றிய பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகம் சிவந்துபோனது. பெரிய டீச்சர் சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"நீ கேக்கறது நியாயம்மா. ஆனா இத எங்கிட்ட கேட்டு என்ன ஆவப்போவுது? கேக்க வேண்டிய எடத்துல போய்க் கேப்போம். நாளைக்கி வேலைக்கிப் போகாத, வா."

மறுநாள் வேங்கிக்கால் பக்கம் இருந்த அந்தக் கல்வி அலுவலகத்துக்கு நான்கு பேர் போனோம். பெரிய டீச்சர், அந்த இரண்டு தாய்மார்கள், நான். என்னை எதற்குக் கூப்பிட்டார் என்று அப்போது தெரியவில்லை. நாளைக்கு இன்னொருத்தருக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னொரு நாள் சொன்னார். அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தோம். அந்த இரண்டு தாய்மார்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரம்பத்தில் இடையில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடைவெளி இருந்தது. வெயில் ஏற ஏற, ஜூஸ் கடைக்காரம்மா கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டில் இரண்டு பக்கமும் போய்வந்தது. ஒருவர் மொழி மற்றவருக்குச் சரியாகத் தெரியாது. இருந்தும் கையால் சைகை காட்டி, என் மகன் எழுத்தைத் திருப்பிப் போடுவான் என்று ஒருவரும், என் மகளும் அப்படித்தான் என்று மற்றவரும் பேசிக்கொண்டதை நான் பார்த்தேன்.

கடைசியில் கதவு திறந்தது. அதிகாரி வெளியே வந்து, வெளிநாட்டு அம்மாவைப் பார்த்ததும் மரியாதையாக ஆங்கிலத்தில் உள்ளே வரச் சொன்னார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைக் கைகாட்டி, தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "இவங்க ஃபர்ஸ்ட். இவங்க ரொம்ப வருஷம் வெயிட்டிங்" என்றார். அதிகாரி எல்லாரையும் உள்ளே கூப்பிட்டார்.

உள்ளே அவர் பேசியதெல்லாம் நாம் கேட்டுப் பழகியதுதான். ஆட்கள் போதவில்லை, அலுவலக வேலை ஜாஸ்தி, மேலிடத்தில் விவரம் கேட்கிறார்கள். இந்திய அட்டை இல்லாத பிள்ளையை யாரைக் கேட்டுச் சேர்த்தீர்கள் என்று பெரிய டீச்சரிடம் குரலை உயர்த்தினார். விளக்கம் கேட்டு மெமோ வரும் என்றார். பெரிய டீச்சர் கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடுங்க சார், வாங்கிக்கறேன். ஆனா சிறப்பாசிரியர எங்க ஸ்கூலுக்கு அனுப்பறேன்னு நீங்க எழுதிக் குடுக்கற வரைக்கும் நாங்க எழுந்திருக்க மாட்டோம். எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவர் அதைச் சொன்னவிதம் இன்னும் நினைவிருக்கிறது. கோபமே இல்லை. ரேஷன் கடையில் அரிசி எப்போது வரும் என்று கேட்பதுபோல இருந்தது. ஜூஸ் கடைக்காரம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து வெளிநாட்டு அம்மாவும் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். வெளியே வந்துபோகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அதிகாரி யாரையோ கூப்பிட்டு ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார்.

அவர் சொன்ன மெமோவும் வந்தது. பெரிய டீச்சர் அனுப்பிய பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன். குழந்தையைச் சேர்த்தது உண்மை, குழந்தை படித்துவருகிறது என்ற அளவோடு அது முடிந்தது. மன்னிப்பு கேட்டு ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, எதுக்கு என்று திருப்பிக் கேட்டார்.

பழைய பாடப்புத்தகங்கள் குவிந்திருந்த அறையைப் பெருக்கி, சிறப்பாசிரியைக்குக் கொடுத்தோம். செம்பட்டைச் சடைக்காரி, ஜூஸ் கடைக்காரம்மாவின் மகன், இன்னும் சில பிள்ளைகள். அவர் அவசரப்படுத்தவே இல்லை. ஓர் எழுத்தை மணலில் விரலால் எழுத வைப்பார், வாயால் சொல்ல வைப்பார், கண்ணை மூடவைத்து, முதுகில் எழுதிக் கண்டுபிடிக்க வைப்பார். ஆங்கில எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு சத்தம் போட்டு இந்தப் பிள்ளைகளை ஏமாற்றுகிறது, தமிழ் அந்த அளவுக்கு ஏமாற்றாது என்பார் அவர். அலுவலகத்திலிருந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டுப் போன் வரும்போதெல்லாம் பெரிய டீச்சர் தானே எடுத்து, வகுப்பில் இருக்கிறார், சாயந்திரம் பேசுங்கள் என்று வைத்துவிடுவார்.

எளிதில் வந்துவிடவில்லை. அந்தப் பெண் புத்தகத்தை வீசி எறிந்த நாட்கள் உண்டு. அந்தப் பையன் வயிற்று வலி என்று வராமல் இருந்ததும் உண்டு. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், வெளிநாட்டு அம்மா பள்ளிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் கதவில் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பு என்னவென்று தெரியாமல் அவர் நின்றிருக்கிறார். மகள் விரல் வைத்து, நிறுத்தி நிறுத்தி, தண்ணீர்த் தொட்டி கழுவுவதால் நாளை தண்ணீர் வராது என்று படித்துச் சொல்லியிருக்கிறாள். அன்று முதல் அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் அவள்தான். ஸ்பானிய எழுத்தையும் மணலில் எழுதவைத்து அவள் அம்மாவே சொல்லிக்கொடுத்தார். அதுவும் வந்தது. அந்தப் பையன் எட்டாம் வகுப்பு முடித்துப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனபோது, கடைசி வரிசையில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டே போனான்.

பெரிய டீச்சரை அவருடைய கடைசி வருஷத்தில் ஜவ்வாது மலைக்கு மாற்றினார்கள். காரணம் நிர்வாகம் என்றார்கள். யாரையாவது பார்த்துப் பேசி ரத்து செய்யலாம் என்று ஊரார் சொன்னார்கள். அவர் சிரித்தார். "மலைமேல மட்டும் புள்ளைங்க இல்லியா?" என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை மகனிடம் கொடுத்துவிட்டு, விடிகாலை பஸ்ஸில் போய்வந்தார். மாலை, சால்வை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பிரிவு விழாவில் பிள்ளைகள் முட்டையும் சாம்பார் சாதமும் சாப்பிட்டார்கள். போன வருஷம் அவர் காலமானார். அர்ஜென்டினா அம்மாவும் மகளும் அவர் வீட்டு வாசலில் கடைசிவரை நின்றிருந்தார்கள். மகள் இப்போது என்னைவிட உயரம்.

பெரிய டீச்சர் இருந்த அறையில் இப்போது நான் இருக்கிறேன். போன மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, வேங்கிக்காலில் வீடு கட்டும் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் தன் மகளோடு வாசலில் நின்றார். பிள்ளைக்குப் பேச்சும் கொஞ்சம் திக்கியது. கையில் ஒரு தாளும் இல்லை. புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை என் காதருகே குனிந்து, இந்தக் குழந்தையை எப்படி டீச்சர் பதிவது, கம்ப்யூட்டர் ஏற்காதே என்றார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், இளைய மகள் இங்கே படிப்பதால் குழுத் தலைவியாகி என் எதிரில் உட்கார்ந்திருந்த ஜூஸ் கடைக்காரம்மா எழுந்துபோய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். தன் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, இளம் ஆசிரியையைப் பார்த்துச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் அப்பறம் ஏத்துக்கும்மா. நாம மொதல்ல ஏத்துக்குவோம். பேர எழுது."