ஓய்வெடுக்கப் போன இராஜம்மா

கிள்ளானில் அவள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் இராஜம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. லோரி ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் தம்புசாமிக்குப் பக்கவாதம் வந்து கையும் காலும் பேச்சும் ஒரே நாளில் போய்விட, பன்னிரண்டு வருஷம் அந்த மனுஷனைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்டவள். இரவானாலும் பகலானாலும் நேரம் தவறாமல் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் வரும். வரட்டுமே, யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

தம்புசாமி போன தை மாதம் கண்ணை மூடினார். சாவுக்கு வந்தவர்கள் பேசினார்களே ஒரு பேச்சு! "அவருக்கும் விடுதலை, உனக்கும் விடுதலைக்கா. இனிமேலாச்சும் நிம்மதியா இரு லா." விடுதலையாம்! இவள் என்ன ஜெயிலிலா இருந்தாள்? புருஷன் செத்த வீட்டில் அவளை யாரும் அழவே விடவில்லை. அவளும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் போன தூக்கம் திரும்பவே இல்லை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. இப்படியே தூங்காமல் இருந்தால் இவளுக்கும் பக்கவாதம் வரும் என்று டாக்டர் சொன்னதும், பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கும் மகள் ஹேமா வெலவெலத்துப் போனாள். மோரிப் கடற்கரையில் பெண்களுக்காக நடத்தும் ஓய்வு முகாமில் அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டே நாளும்மா. சமைக்க வேணாம், கூட்ட வேணாம். சும்மா படுத்திருங்க."

"சும்மா படுக்கவா அவ்ளோ தூரம் போகணும்? இங்க கட்டில் இல்லையா?" என்றாள் இராஜம்மா. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

முகாமில் கவனிப்புக்குக் குறைவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பயிற்சி கொடுக்கும் மலர்விழி எல்லாரையும் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கண்ணை மூடி உடம்பைத் தளர விடச் சொன்னாள். பெண்கள் அசையாமல் கிடந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. ஒருத்தி அப்படிக் கிடப்பதை இராஜம்மாவால் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? எழுந்தாள். பக்கத்துப் பாயில் கிடந்த அபிராமியின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுத்து, அலுங்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு தலையணையையும் அண்டக் கொடுத்தாள்.

அபிராமி அலறிக்கொண்டு எழுந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இராஜம்மாவுக்கு மானமே போய்விட்டது.

"மன்னிச்சிரும்மா. கை அதுவா போயிருச்சு. வீட்டுக்காரரைப் புரட்டிப் புரட்டி…"

அபிராமி சிரிக்கவில்லை. இராஜம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, தம்புசாமியின் கதையை முழுக்கக் கேட்டாள். நல்லவேளை, விடுதலை என்று அவளும் சொல்லவில்லை.

"உடம்புக்கு வர்றதுக்கு முந்தி அண்ணே எப்படிக்கா இருப்பாரு?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. இராஜம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, அந்த மனுஷன் வாய் இருக்கே! பந்திங் பாசார்ல காய்கறி இறக்க லோரிய நிறுத்துனா ஒருத்தரையும் விட மாட்டாரு, எல்லாரையும் கிண்டல்தான். என்னைக் கூப்பிடறதே ஒரு மாதிரி இழுத்து, ராஜூன்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பெயர் இருந்தது. கூப்பிட்ட அவர் குரல் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவரின் முனகல்தான் கேட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷத்து முனகல் அவள் புருஷனின் குரலை அப்படியே விழுங்கிவிட்டிருந்தது.

"குரல் ஞாபகத்துக்கு வரலம்மா… எனக்கு வரலம்மா!"

அழுதாள். சாவு வீட்டில் அழுதிருக்க வேண்டிய அழுகை அது, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மலர்விழி பதறி ஓடிவந்தாள். "விடுங்க, அழட்டும்" என்றாள் அபிராமி. அழுது ஓய்ந்தவள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் ஹேமா காரோடு வந்தாள்.

"தூங்குனீங்களாம்மா?"

"தூங்குனேன்."

ஹேமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பந்திங் தாண்டியதும் இராஜம்மா மெல்லக் கேட்டாள். "அப்பா குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இதென்னம்மா கேள்வி? இல்லாமலா?" என்று சிரித்தாள் ஹேமா. கொஞ்ச தூரம் போய், செம்பனைத் தோட்டத்தோரம் வண்டியை நிறுத்தினாள்.

"எனக்கும் வரலம்மா" என்றாள்.