மஞ்சள் படிந்த கம்பளி

என் மனைவியின் கறுப்புக் கம்பளி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது தலையில் போட்டுப் போவாள். தை பிறந்து, மலைச்சரிவில் சீகை மரங்கள் பூத்துவிட்டால் கம்பளியில் மஞ்சள் பூந்தூள் படியும். சாயங்காலம் வாசலில் நின்று உதறுவாள். பொடி பறக்கும், கூடவே ஏழெட்டுத் தும்மல். "ஊருக்கே சகுனம் பாத்துட்ட புள்ள" என்று கேலி செய்வேன்.

அந்தக் கம்பளி சிலோனில் வாங்கியது. நாங்கள் அங்கேயே பிறந்தவர்கள். இந்தியாக்காரர்கள் என்று சொல்லிக் கப்பலேற்றி விட்டார்கள். குன்னூருக்கு மேலே புதிதாகப் போட்ட தோட்டத்தில் வேலையும், லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பராவும் கிடைத்தன. அடுப்பு, படுக்கை எல்லாம் அந்த ஒரே அறைக்குள்தான். சிலோனில் விறகுக் கவலை இருந்ததில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி மலைமலையாகக் கிடக்கும். இங்கே தேயிலையெல்லாம் முழங்கால் உயரக் கன்று, கவ்வாத்துக்கு இன்னும் சில வருஷம் இருந்தது. அதனால் சீகைக் கிளையை வெட்டி வந்தோம். எரிந்தால் விறகு, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் வருஷம் தும்மலோடு போனது. அடுத்த வருஷம் மூச்சு வாங்க விடாத முட்டு வந்தது. இங்கே அதை இழுப்பு என்கிறார்கள். விடியும்போது புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைந்து கிடக்கும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஜன்னலுக்குச் சாக்கு வைத்து ஆணியடித்தேன். பனியில் விறகு நனையாமலிருக்க, பூவும் இலையுமாக அவள் தலைமாட்டிலேயே அடுக்கினேன். படுக்க முடியாமல் அவள் சுவரில் சாய்ந்தே இருந்தாள்.

"ஏங்க, அந்த வெறக வெளிய போடுங்க. பூ நெஞ்ச அடைக்குது."

"பூவா அடைக்கும்? பனி புள்ள. வெறகு நனைஞ்சா உனக்குச் சுடுதண்ணி எதுல வைக்கிறது?"

"நனைஞ்சா நனையட்டும். எடுத்துப் போடுங்க."

மூன்றாம் நாள் சொல்ல மூச்சில்லை. விறகைக் கை காட்டினாள். குளிர்கிறது என்கிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு கட்டை அடுப்பில் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி வருவதற்குள் போய்விட்டாள்.

மறுவருஷம் இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். கம்பவுண்டர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். மருந்தைக் கலக்கிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ஏனுங்க, சீகை பூத்தாத்தான் இழுப்புக்காரங்க வரிசையா வர்றாங்க. வெறும் பனின்னா மார்கழியிலயே வந்திருக்கோணுமுங்க. அந்தப் பூ ஆகாதவங்க ஊட்டுக்குள்ள அந்த வெறகே வெக்கக் கூடாதுங்க."

மருந்து பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது தேயிலையெல்லாம் வளர்ந்துவிட்டது. கவ்வாத்துக் குச்சி எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது. நான் அதே காம்பராவில்தான் இருக்கிறேன். சாக்கைப் பிடுங்கிப் போட்டாயிற்று, ஜன்னல் திறந்தே கிடக்கிறது. தை பிறந்ததும் கொடியில் கிடக்கும் கம்பளியை எடுத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறேன்.

"யாருக்குத் தாத்தா இத இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறீங்க?" என்று பக்கத்துக் காம்பராப் பெண் கேட்கிறாள்.

"பூ படியும்மா" என்கிறேன்.