கடிகாரம் ஓடட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை. ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சி மண்டபத்தில் வார இறுதிச் செஸ் போட்டி நடந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். அவள் பிறந்த பிறகு நான் கலந்துகொண்ட முதல் போட்டி அது.

நான் இங்கேயே பிறந்தவள். சின்ன வயதிலிருந்தே செஸ் விளையாடுகிறேன். பள்ளிக் கழகத்தில் எப்போதும் ஒற்றைப் பெண்பிள்ளை. அது பழகிவிட்டது. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் கொஞ்சக் காலம் விளையாடினேன். ஆனால் எதிரே வந்து அமர்கிறவர்கள் எல்லாம் "இன்னுமா விளையாடுகிறாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். ஒருநாள் போவதை விட்டுவிட்டேன்.

அன்று காலை வீட்டைவிட்டு இறங்கும்போது அம்மாவின் அழைப்பு.

"பால்குடிப் பிள்ளையை இந்தக் குளிருக்குள்ளை கொண்டுபோறியோ? உந்த விளையாட்டு எங்கை ஓடப்போகுது? பிள்ளை வளரட்டுமன்."

கணவர் கைபேசியை வாங்கி, "மாமி, நான் கூடப் போறன். நீங்கள் யோசியாதேங்கோ" என்றார். அம்மா உடனே சமாதானமாகிவிட்டார். அதுவே எனக்கு உறுத்தியது. நாங்கள் இருக்கும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து சுரங்க ரயில் ஏறியதும் என் மனம் அலைபாயத் தொடங்கிவிட்டது. மகள் போத்தலில் பால் குடிக்கமாட்டாள். எத்தனையோ விதமான போத்தல்கள் வாங்கிப் பார்த்துவிட்டோம், எல்லாவற்றையும் துப்பிவிட்டாள். ஓர் ஆட்டம் நான்கு மணி நேரம்கூடப் போகும். நகர்த்தவேண்டிய முறை யாருடையதோ அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், நேரம் தீர்ந்தால் தோல்வி.

"பசிச்சால் அழுவாள். அழுதால் நீர் எழும்பி வெளியிலை வாரும். அவ்வளவுதானே?" என்றார் கணவர்.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மண்டபம் முழுக்க ஆண்கள். என்னைத் தவிர ஒரே ஒரு பெண்தான் கண்ணில் பட்டார். ஐம்பதை நெருங்கும் வயது, கத்தரித்த நரைமுடி, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் சிரித்தேன். அவர் தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டுத் தன் காய்களை நேராக்கிக்கொண்டிருந்தார். சரியான முசுடு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஆட்டத்தில் என் எதிராளி ஒரு நடுத்தர வயது மனிதர். புள்ளித் தரத்தில் என்னைவிட மேலே. அமைதியாக, மரியாதையாகக் கைகொடுத்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அப்பாலிருந்து மகளின் அழுகை கேட்டது. அது கேட்டால் என் உடம்பு என்னைக் கேட்காது. பால் சுரந்து சட்டை நனையத் தொடங்கியது. கழுத்துச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஒரு காயை நகர்த்திவிட்டு ஓடினேன். பெண்கள் உடைமாற்றும் அறையில் பால் கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் கடிகாரத்தில் நேரம் நிறையக் கரைந்திருந்தது. பரவாயில்லை, ஆட்டம் என் பக்கம்தான் இருந்தது. அவருடைய ராணிப் பக்கத்துச் சிப்பாய்கள் ஆதரவில்லாமல் நின்றன.

இரண்டாம் முறை அழுகை கேட்டபோது நான் எழுந்தேன். எதிராளியும் எழுந்தார். நேரே நடுவரிடம் போனார்.

நடுவர் இளைஞர். கூச்சத்தோடு என் மேசைக்கு வந்தார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அந்த அமைதியில் சுற்றியிருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். எதிராளி முறைப்பாடு செய்திருக்கிறார். நான் அடிக்கடி வெளியே போகிறேன், வெளியே என் கணவர் கைபேசியோடு இருக்கிறார். கணினியிடம் கேட்டு நகர்த்தல்களைச் சொல்லிக்கொடுக்க வாய்ப்பிருக்கிறது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. ஏமாற்றுகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. "வாய்ப்பிருக்கிறது" என்றுதான் சொன்னார்கள். விதிப்படி அவர் கேட்டது பிழை என்றும் என்னால் சொல்லமுடியவில்லை. இன்னொருவர் இப்படிப் போய்வந்தால் நானும் திரும்பிப் பார்த்திருப்பேனோ என்னவோ.

மண்டபத்துக்குள் பிள்ளையைக் கொண்டுவர முடியாது, சத்தம். வெளி நடைவழியிலும் முடியாது, ஆட்டம் முடித்தவர்கள் கைபேசிகளோடு நிற்கிறார்கள். உடைமாற்றும் அறைக்குப் போகலாம், ஆனால் ஒரு நடுவர் கூட வரவேண்டும். அங்கிருந்த நடுவர்கள் எல்லாரும் ஆண்கள்.

"என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை" என்றார் அந்த இளைஞர். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. கதவுக்கு அப்பால் மகள் வீறிட்டு அழுதாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். டிரா கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

அப்போதுதான் இரண்டு மேசை தள்ளி ஒரு நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அந்த நரைமுடிப் பெண்.

"நான் கூடப் போகிறேன். என்னை நம்புவீர்கள்தானே?"

நடுவர் அவருடைய பலகையைப் பார்த்தார். "இப்போது உன்னுடைய முறை, கொஞ்ச நேரம்தான் மிச்சம் இருக்கிறது. உன் கடிகாரத்தை நிறுத்த எனக்கு அனுமதியில்லை."

"ஓடட்டும்" என்றார் அவர்.

கணவரிடமிருந்து பிள்ளையை அவரே வாங்கிக்கொண்டார். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டார். "பிறகு சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

உடைமாற்றும் அறையின் மரவாங்கில் அமர்ந்தேன். மகள் குடிக்கவில்லை. என் பதற்றம் அவளுக்கும் தொற்றியிருக்கவேண்டும், இரண்டு வாய் குடிப்பதும் முகத்தைத் திருப்பி அழுவதுமாக இருந்தாள். என் தலைக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடின. ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது.

"நீங்கள் போங்கள், உங்கள் ஆட்டம்..." என்று தொடங்கினேன்.

"அவசரப்படுத்தாதே, குடிக்கட்டும்" என்றார். நோர்வேஜிய மொழியில் தெரியாதவர்களையும் நீ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் சொன்னபோது எனக்குக் கூடப்பிறந்தவள் சொன்னதுபோல் இருந்தது.

கதவில் சாய்ந்து நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார். "என் மகன் பிறந்தபோது நான் விளையாடுவதை நிறுத்தினேன். பன்னிரண்டு வருடம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை."

மகள் எப்போது அடங்கிக் குடிக்கத் தொடங்கினாள் என்று கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் மேசையில் அவருடைய எதிராளி கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். கடிகாரத்தில் பெண்ணின் பக்கம் பூச்சியங்கள், நேரம் தீர்ந்துவிட்டது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், தோல்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கைகொடுத்துவிட்டு வந்து சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு நான் விளையாடிய மாதிரி என் வாழ்க்கையில் விளையாடியதில்லை. நன்றாக விளையாடினேன் என்று சொல்லவரவில்லை. ஆத்திரத்தில் விளையாடினேன். என் எதிராளி டிராவுக்குக் கேட்டார். தலையை ஆட்டி மறுத்தேன். மூன்றாம் முறை அழுகை கேட்டபோது அந்தப் பெண் ஏற்கெனவே கதவடியில் நின்றார். "இப்போது எனக்குக் கடிகாரம் இல்லை" என்றார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

அந்தச் சிப்பாய்களில் ஒன்றைப் பிடித்து, பிறகு இன்னொன்றைப் பிடித்து, கடைசியில் நான் வென்றேன். எதிராளி எழுந்து கைகொடுத்தார். "விதி விதிதான், தவறாக எடுத்துக்கொள்ளாதே" என்றார். பிறகு, "உன் கணவர் மிக நல்ல மனிதர், இவ்வளவு நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாரே" என்றும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "காலமை தொடக்கம் வாறவை போறவை எல்லாரும் என்னைத்தான் புகழுகினம். ஒருத்தர் கோப்பியும் வாங்கித் தந்தவர். நான் என்ன செய்தனான்? தள்ளுவண்டியைத்தானே தள்ளினனான். ஆட்டத்தை வெண்டது நீரெல்லோ!"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வென்ற சந்தோஷமா, வேறு ஏதாவதா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து நகரமான திராமனிலிருந்து வந்திருந்தார். நான் ஓடிப்போய், "என்னால் உங்கள் ஆட்டம் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நான் வென்றுகொண்டிருந்தேன், தெரியுமா?" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது, மறைக்கவுமில்லை. "எனக்குக் கோபம்தான். ஆனால் உன்மேல் இல்லை. நாளைக்கும் வா. நீ வராவிட்டால் அந்தத் தோல்வி வீணாகப் போய்விடும்."

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் போகவேண்டாம் என்று பலமுறை முடிவெடுத்தேன். காலையில் எழுந்து மகளைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மண்டப வாசலில் அந்த இளம் நடுவர் எனக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு பெண் நின்றார். "இவர் இன்று உதவி நடுவராக இருப்பார். இதை நேற்றே நான் யோசித்திருக்கவேண்டும்" என்றார். முகம் சிவந்திருந்தது. நான் நன்றி சொன்னேன். ஒரு பெண்ணை அழைத்துவர ஒரு தொலைபேசி அழைப்புத்தான் தேவைப்பட்டிருக்கிறது. இத்தனை வருடமாக யாருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்கூடத் தோன்றவில்லை.

அந்தத் திராமன் பெண் தன் மேசையில் இருந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்துவிட்டுக் காய்களை நேராக்கினார். அன்று நான் ஓர் ஆட்டத்தில் தோற்றேன், ஓர் ஆட்டம் டிரா. அதைப் பற்றிக் கவலைப்படவும் நேரமிருக்கவில்லை.

என் மகள் இப்போது வீட்டில் குதிரைகளை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். நான் தொடர்ந்து விளையாடுகிறேன். முன்புபோல் பலகையில் மட்டும் கண்வைத்து விளையாட என்னால் முடிவதில்லை, கதவுப் பக்கம் ஒரு காது எப்போதும் போய்விடுகிறது. ஆட்டத்தின் நடுவே எங்காவது ஒரு பெண் எழுந்து நடுவரிடம் தயங்கித் தயங்கிப் போவதைக் கண்டால், யாருடைய முறை என்று பார்ப்பதற்கு முன்பே என் கால்கள் எழுந்துவிடுகின்றன.