பேணாட் குடித்துக் காட்டிய சோடா

திருகோணமலைக் கலங்கரை சோடாக் கொம்பனியின் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய முதல் படம் பேணாட்டுடையது. தன் கலியாணத்தன்று கூடக் கழுத்துப்பட்டி கட்டாத மனுசன் அந்தப் படத்தில் கட்டியிருந்தான். அதுவும் இரவல். படத்துக்குக் கீழே ‘ஆண்டின் சிறந்த ஊழியர், 1974’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. மனைவி சீலா ஒரு நாள் அதைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு, சமைக்கிற குசினிக் கூரை ஒழுகுகிறதே, படத்துக்குப் பதிலாக இரண்டு தகரம் தரமாட்டார்களா என்று கேட்டாள். பேணாட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. பெண்களுக்கு இதன் அருமை விளங்காதாம்.

தொடக்கத்தில் அவன் இப்படிப்பட்ட ஆளல்ல. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறிய ஐம்பத்தேழில் கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட் வேலை போய், மூன்று மாதம் சும்மா இருந்து, கலங்கரையில் வந்து சேர்ந்தவன். முதலாளி கோணாமலை கதை குறைந்த மனிதர். வேலையில் சேர்க்கும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கிண்ணியாவில் நம்முடைய சோடா விலைபோகவில்லை, போகப்பண்ணு என்றார். எப்படி என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

பேணாட் பெட்டிகளை லொறியில் துறைவரை கொண்டுபோய், பாதை என்று அங்கே சொல்லும் மிதவையில் ஏற்றி, அக்கரையில் இருந்த கிண்ணியாவில் இறக்கினான். இறங்கியதும் முதல் கடை பக்கீருடையது. பக்கீருக்கு வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், ஆனால் சோடா விற்பவர்கள் மேல் நம்பிக்கை இல்லாதவர். அதற்குமுன் யாரோ ஒருவன் கிளிப் படம் போட்ட லேபலோடு காற்றுப்போன சோடாவை அவர் தலையில் கட்டிவிட்டு மறைந்திருந்தான். அதனால் அவர் கலங்கரைப் போத்தலைக் கையில் வாங்கவே இல்லை.

“படத்த எனக்குக் காட்டாதீங்க தம்பி. நீங்க குடிங்க, நான் பாக்கன்” என்றார்.

பேணாட் மேசை விளிம்பில் மூடியைத் தட்டித் திறந்து, இரண்டு கிளாசில் சரிபாதியாக ஊற்றினான். ஒன்றைத் தான் குடித்தான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கீர் மற்றதைக் குடித்தார். பிறகுதான் பெட்டி இறங்கியது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கீரும் அண்ணன் முறையில் பேணாட்டுக்கு ‘நானா’ ஆனார். ஒவ்வொரு முறையும் முதல் போத்தல் இரண்டு கிளாசாகும். பக்கீர் கடையில் பேணாட் குடித்துவிட்டான் என்றால், கிண்ணியாவில் மற்றக் கடைக்காரர் யாரும் போத்தலைத் திறந்து பார்ப்பதில்லை. நோன்பு மாதத்தில் மட்டும் பேணாட் பின்னேர லொறியில் போவான். பாங்கு சொல்லி, பக்கீர் ஈச்சம்பழத்தால் நோன்பு திறந்த பிறகுதான் மூடி தட்டப்படும். அதுவரை பேணாட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் வைக்கமாட்டான். யாரும் அவனை அப்படி இருக்கச் சொல்லவில்லை. எதிரே ஒருவர் காய்ந்து கிடக்கத் தான் குடிக்க அவனுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பதினாறு வருடம். கிண்ணியாவில் கலங்கரையைத் தவிர வேறு சோடா இல்லை என்ற நிலை வந்தது. கலங்கரை என்று கேட்டு வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் நம்பியது லேபலில் நின்ற வெளிச்சவீட்டை அல்ல, பேணாட்டின் வாயை. ஊரில் அவனுக்கு இருந்த சொத்தும் அந்த வாய்ச்சொல் ஒன்றுதான்.

எழுபத்துமூன்றில் கோணாமலை முதலாளி பாரிசவாதம் வந்து படுத்தார். கொம்பனியைப் பார்க்கக் கொழும்பிலிருந்து கிறிஸ்தோபர் என்பவர் வந்து இறங்கினார். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் விற்றுப் பெயரெடுத்தவராம். வந்த முதல் கிழமை போத்தல் கழுவும் இடத்துக்கு அவர் போகவே இல்லை. அங்கே தொட்டி வெடித்து, சாக்கு அடைத்து வைத்திருந்தார்கள். அதை விட்டுவிட்டு லேபலை மாற்றினார். ஒரு நிறமாக இருந்த வெளிச்சவீடு மூன்று நிறமானது. எல்லோருக்கும் மார்பில் குத்தத் தகட்டுப் பட்டி வந்தது. காலை ஏழரைக்கு எல்லோரும் முற்றத்தில் வரிசையாக நின்று, நெஞ்சில் கை வைத்து, “நான்தான் கலங்கரை, கலங்கரைதான் நான்” என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். ஊழியன் கொம்பனியின் மார்க்கை நேசித்தால் வாடிக்கையாளனும் நேசிப்பான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சம்பளத்தைக் கூட்டினாலும் நேசிப்பான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

சிரிக்க வேண்டிய காரியம்தான். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்தத் தகட்டுப் பட்டியைச் சாம்பல் போட்டு மினுக்கிக் குத்திக்கொண்டு வருகிற அளவுக்கு ஆட்கள் மாறிப்போனார்கள். சோடாவுக்குச் சீனிப் பாணி காய்ச்சும் குணேஸ்வரி ஒருத்திதான் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போவாள். எல்லாரையும்விட உரத்துச் சொன்னவன் பேணாட். கிறிஸ்தோபர் அவன் தோளில் கை போட்டு, கிண்ணியாவை வென்ற வீரன் என்று மற்றவர்களுக்குக் காட்டினார். பதினாறு வருடத்தில் கோணாமலை முதலாளி ஒருமுறைகூட அவன் தோளில் கை போட்டதில்லை. அதில் மனுசன் உருகிப்போனான். படமும் சுவரில் ஏறியது.

அடுத்து நோன்பு மாதம் வந்தது. கிண்ணியாவில் இலவசச் சோடா கொடுத்து மார்க்கின் மேல் பற்றை வளர்க்க வேண்டும் என்று கிறிஸ்தோபர் திட்டம் போட்டார். நேரமும் குறித்தார், நடுப்பகல் பன்னிரண்டு மணி. வெயில் உச்சத்தில் நிற்கும்போதுதானே தாகம் கூடும். பேணாட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது நோன்பு, பகலில் ஒருவரும் குடிக்க மாட்டார்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

“நீர் இன்னும் பழைய சோடாக்காரனாவே கதைக்கிறீர் பேணாட். தாகத்துக்குச் சமயம் இல்லை” என்றார் கிறிஸ்தோபர்.

சுவரில் படம் தொங்குகிற மனுசன் வேறென்ன செய்வான்? விளம்பரத்துக்கென்று எடுத்த வான் வண்டியில் ஏறிக் குந்தினான். ஒலிபெருக்கியில் பாட்டோடும் இருபது பெட்டி சோடாவோடும் அந்த வண்டி பாதை மிதவையில் ஏறிக் கடந்து, நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரம் பார்த்துப் பள்ளிவாசலுக்கு முன்னால் போய் நின்றது. காய்ந்த உதட்டோடு வந்த மனிதர்களிடம் மூடி திறந்த சோடாவை நீட்டினார்கள். யாரும் கை நீட்டவில்லை. ஒருவரும் ஏசவும் இல்லை. அவர்கள் பார்த்தது கிறிஸ்தோபரை அல்ல. பேணாட்டையே பார்த்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கீர்தான் வந்து காப்பாற்றினார். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். பெட்டிகளைத் தன் கடைக்குத் தூக்குவித்து, நனைத்த சாக்கால் மூடினார். பின்னேரம் நோன்பு திறக்கிற நேரம் பள்ளிவாசலில் வைத்து எல்லோருக்கும் தன் கையாலேயே பகிர்ந்தார். பேணாட் தம்பி கொண்டுவந்தது என்று சொல்லித்தான் கொடுத்தாராம். ஊர் குடித்தது. ஊருக்கு வந்த கோபமும் அத்தோடு அடங்கியது.

கிறிஸ்தோபர் நடுப்பகலே பேணாட்டையும் ஏற்றிக்கொண்டு வானைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார். இருபது பெட்டியும் முடிந்த செய்தி காதுக்கு எட்டியதும், முதலாளியின் படுக்கையருகில் போய் நின்று, திட்டம் மாபெரும் வெற்றி, கிண்ணியா மக்கள் மார்க்கின் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். முதலாளிக்கு அப்போது பேச்சு வராது. நல்லதாகப் போயிற்று.

அந்த வருடம் சீனிக்குப் பெரும் தட்டுப்பாடு. கொம்பனிக்குக் கிடைத்த பங்கு பாதியாகக் குறைந்தது. மற்றச் சோடாக்காரர்கள் பாதி நாள் தொழிற்சாலையைப் பூட்டி வைத்தார்கள். கிறிஸ்தோபர் பூட்டவில்லை. புதிதாக ஒரு அட்டை அச்சடித்தார். ‘அதே கலங்கரை, அதே இனிமை’ என்று அதில் இருந்தது. கூடவே ஒரு கட்டளையும் போட்டார். விற்பனையாளர்கள் கடைகளில் போத்தல் உடைத்துக் குடிப்பது இனிக் கூடாது. மார்க் இருக்கும்போது மனுசன் சாட்சி சொல்லத் தேவையில்லையாம்.

பேணாட் அன்று பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து லொறிக்குப் பின்னால் நின்று குடித்துப் பார்த்தான். முதல் வாய் இனித்தது. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. நேரே குணேஸ்வரியிடம் போனான்.

“சீனி எங்க அண்ணை இருக்கு? சக்கரின் குளிசைதான் கரைக்கிறன். சொல்லாதேங்கோ, என்ர வேலை போயிடும்” என்றாள் அவள்.

அன்று பேணாட்டுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. போய்ப் பக்கீரிடம் உண்மையைச் சொல்லலாம். அல்லது கட்டளைப்படி அட்டையை நீட்டிவிட்டுக் குடிக்காமல் திரும்பலாம். அவன் குடிக்காவிட்டால் அதுவே பக்கீருக்குப் போதுமான பதில். பேணாட் இரண்டையும் செய்யவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தான். கட்டளையை மீறிக் குடிப்பது என்று முடிவெடுத்தான். கிண்ணியா கைவிட்டுப் போனால் சுவரில் தொங்கும் படமும் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. அதை விசுவாசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்த ஒரு காரியத்துக்காக அவனை மன்னிக்க முடியாது.

பக்கீர் கடையில் மூடியைத் தட்டினான். இரண்டு கிளாசில் ஊற்றினான். தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பக்கீர் குடித்தார். கிளாசை வைத்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார். மீண்டும் கிளாசைப் பார்த்தார்.

“அதே சாமான்தானே தம்பி?”

“ஓம் நானா. அதே சாமான்தான்.”

பக்கீர் கிளாசைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

“அப்ப என்ட நாக்குத்தான் பழுது. வயசும் போயிட்டு” என்றார். சொல்லிவிட்டுத் தன் மகள் பரீனாவின் கலியாணம் அடுத்த மாதம் என்றும், முப்பது பெட்டி வேண்டும் என்றும், வேறு ஆளிடம் வாங்க மனம் இல்லை என்றும் சொன்னார். பேணாட் தலையாட்டினான். பாதையில் திரும்பி வரும்போது கடல் தண்ணீரை அள்ளி வாய் கொப்பளித்தான். சக்கரின் கசப்புப் போகத்தான் என்று நினைத்துக்கொண்டான்.

கலியாணத்துக்குப் பேணாட்டையும் சீலாவையும் அழைத்திருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் பேணாட் போகவில்லை. போத்தல் எடுக்கப் போன லொறிக்காரன் வந்து நடந்ததைச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாய் குடித்துவிட்டுப் போத்தலைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டார்களாம். பந்தலெங்கும் முக்கால் போத்தலாகவே கிடந்ததாம். சம்பந்தி வீட்டுக் கிழவர் ஒருவர், மருந்துத் தண்ணியா தாறீங்க என்று சபையில் கேட்டுவிட்டாராம். பக்கீர் அந்தக் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாராம்.

இரண்டு கிழமை பேணாட் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள் பெட்டி ஒன்றும் இல்லாமல் வெறுங்கையோடு போனான். பாதையில் நிற்கும்போது மார்பிலிருந்த தகட்டுப் பட்டியைக் கழற்றினான். கடலில் எறிந்திருந்தால் கொஞ்சமாவது மரியாதை இருந்திருக்கும். எறியவில்லை. சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்தான்.

பக்கீர் கடையில் இருந்தார். வாங்க என்றார், கதிரையை இழுத்துப் போட்டார். பேணாட் உட்காரவில்லை.

“அது சீனி இல்லை நானா. சக்கரின்.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“நீங்க ஊத்தின அண்டே என்ட நாக்குக்குத் தெரியும்.”

“பிறகேன் நானா எடுத்தனீங்கள்?”

பக்கீர் அவனை நேராகப் பார்த்தார். “நீங்க குடிச்சீங்களே தம்பி” என்றார்.

அந்த நேரம் வாசலில் வேறொரு கொம்பனியின் வான் வந்து நின்றது. அதில் வந்தவன் ஆரென்றே பக்கீருக்குத் தெரியாது. பக்கீர் ஒரு போத்தலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பி, லேபலை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். சரி, இறக்குங்க என்றார். குடித்துக் காட்டச் சொல்லி அவனிடம் கேட்கவில்லை.

நான்கு வருடம் கழித்து வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்தபோது கலங்கரை மூடப்பட்டது. கிறிஸ்தோபர் அதற்கு முன்பே கொழும்பில் இன்னும் பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்டார். ஒரு மார்க் எப்படி மக்களின் நம்பிக்கையை வெல்கிறது என்பதற்குக் கிண்ணியாவை உதாரணம் காட்டி அவர் அங்கே பேசுவதாகக் கேள்வி. கடைசி நாள்வரை பேணாட் வேலைக்குப் போனான். காலை ஏழரைக்கு நெஞ்சில் கை வைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். கிண்ணியாவுக்கு மட்டும் போகவில்லை. கொம்பனி பூட்டியபோது சுவரிலிருந்த படத்தை அவனிடமே கொடுத்துவிட்டார்கள். சீலா சட்டத்தின் பின்பக்கம் அடித்திருந்த தகரத்தைக் கழற்றிக் குசினிக் கூரையில் ஒழுகிய இடத்தில் வைத்தாள். அளவு போதவில்லை.