மேல்தாடையில் ஒரு கோடு

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளப் பட்டறையில் அவளுக்குப் பல்லக்கா என்றே பெயர். பாதி ஆயுள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுத்தவள். அந்தக் கடையை மூடியபின், புதைபடிவங்களைச் சுற்றியுள்ள கல்லைச் சுரண்டியெடுக்கும் வேலைக்கு வந்தாள்.

"அங்க பல்லு சரியில்லன்னு திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவாங்க. இவங்க வாயே திறக்கறதில்ல," என்பாள்.

அவள் மேசைக்கு உள்ளங்கையளவு கல் ஒன்று வந்தது. உள்ளே, தலையில் தகடு தகடாகக் கவசம் போர்த்திய மீன். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இத்தகைய மீன்களின் வாயில் வெட்டும் தகடுகள்தான் வழக்கம். மாறாக, தாடையின் ஓரம் தனித்தனி எலும்புகளால் ஆகியிருந்தால், எலும்பு மீன்களின் தாடையும் அதன்வழி நம்முடையதும் எங்கே தொடங்கின என்பதற்கு அது சான்று. கல்லைக் கொடுத்தனுப்பிய மாடி ஆய்வாளர் அதற்காகத்தான் தவம் கிடந்தார்.

ஒரு மதியம் மேல்தாடையின் இடப்பக்கம் வெளிப்பட்டது. கூடவே, குறுக்காக மயிரிழைபோல் ஒரு கோடு. தன் ஊசி பட்டு விழுந்த விரிசல் என்றே பல்லக்கா நினைத்தாள். கல்லைக் கொத்தும் அதிரும் ஊசியை அணைத்துவிட்டு மாடியேறினாள்.

"சார், தாடைய உடைச்சிட்டேன்."

ஆய்வாளரின் முகம் வெளுத்தது. இறங்கி வந்து நுண்ணோக்கியில் நெடுநேரம் குனிந்திருந்தார்.

"வலது பக்கம் இன்னும் கல்லுக்குள்ளதான இருக்கு?"

"ஆமா சார். வேற யாரையாவது வெச்சு எடுத்துக்குங்க. நான் இனி தொடமாட்டேன்."

"நீங்கதான்க்கா எடுக்கணும். ஊசி பட்டு உடைஞ்சிருந்தா இந்தப் பக்கம் மட்டுந்தான் கோடு இருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல இருந்தா, அது ரெண்டு எலும்பு சேர்ற எடம்."

அன்று வீட்டில் அவள் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் பொறுத்துப் பார்த்தார். "செத்த மீனுக்கு இவ்வளவு துக்கமா? எங்கம்மா போனப்பகூட நீ இப்படி உக்காரல."

"நீங்க சும்மா இருங்க."

மறுநாள் முதல் அதிரும் கருவியைத் தொடவில்லை. கையூசியால் மணல்மணலாக எடுத்தாள். மூச்சுவிடவும் பயம். அந்த வார இறுதியில் வலப்பக்கத் தாடை தெரிந்தது. அதன்மேல் கோடு: அதே இடம், அதே வளைவு.

"ரெண்டு எலும்பு! தனித்தனியா!" ஆய்வாளர் கூவினார். பல்லக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். அப்ப நான் உடைக்கலதான?"

"உடைக்கலக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

முகமூடியைக் கழற்றினாள். நல்ல பசி. ஆய்வாளர் யார் யாருக்கோ தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருக்க, அவள் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.