நடந்து வந்த வாஷிங் மிஷின்

தேனியில் எங்கள் வாடகை வீட்டில் மொட்டை மாடியில் துணி காயப்போட அனுமதி இல்லை. அதனால் துவைத்து, காயவைத்தும் தரும் ஒரே மிஷினாக, இடத்தை அளந்து பார்த்து வாங்கினோம். பாத்ரூம் வாசலை ஒட்டிய மூலையில் கச்சிதமாக நின்றது.

"பதினோரு மணிக்கு வந்து மாட்டித் தாரேன், அதுவரைக்கும் ஓட்டாதீக" என்று மெக்கானிக் போனில் சொன்னார். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். முதல் ஓட்டத்தை அதிலா வைப்பது? பத்து மணிக்கே மிஷினுக்குப் பொட்டு வைத்து, ஈரத் துண்டு ஒன்றைப் போட்டு, பிழியும் பட்டனை அழுத்தினேன்.

மிஷின் அதிர்ந்தது. பிறகு நடந்தது. அது நிற்கத்தான் இடம் அளந்திருந்தேன், நடக்க அளக்கவில்லை. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள், வெளிப்பக்கம் திறக்கும் பாத்ரூம் கதவுக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே சிக்கி நின்றுவிட்டது. உள்ளே என் மகள். பதினொன்றரைக்குப் பெரியகுளத்தில் அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ.

"அம்மா, கதவு திறக்கலை!"

"பதறாத ஆத்தா, மிஷின் வந்திருக்கு."

"மிஷின் எதுக்கும்மா இங்கன வருது?"

நானும் கணவரும் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை. "நல்ல நேரத்துல ஆரம்பிச்சேல்ல, நல்லா அனுபவி" என்றார் அவர்.

மெக்கானிக்கைக் கெஞ்சி அழைத்தேன். பத்தே முக்காலுக்கு, சரியாக ராகு காலத்தில் வந்து, மிஷினைச் சாய்த்து நகர்த்தினார். வண்டியில் வரும்போது ஆடாமலிருக்கப் பின்பக்கம் டிரம்மைப் பூட்டியிருந்த போல்ட்டுகளைக் காட்டி, "இதக் கழட்டாம ஓட்டுனா நடக்கத்தான்க்கா செய்யும்" என்றார்.

மகள் ஈரத் தலையோடு ஓடி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வேலையும் கிடைத்தது. இப்போது எது வாங்கினாலும் மெக்கானிக் வரும் நேரம்தான் எங்கள் வீட்டில் நல்ல நேரம். மகளோ குளிக்கப் போகுமுன், "அம்மா, அது எங்கன நிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாள் போடுகிறாள்.